உப்பு மண்டித் தெருவைப் பிடித்தவர்கள்

‘உப்பு மூட்டை அரண் மழையில் கரைந்தது’ என்ற தலைப்பை அச்செழுத்தில் கோத்தவன் நான்தான். மை தடவி ஒரு புரூப் எடுத்து, ஈரத்தோடு ஆணியில் மாட்டிவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வேறொன்று உறுத்தியது. கடல் தாண்டி எங்கோ நடக்கிற சண்டையில் எந்தத் தெருவில் உப்பு மூட்டைகளை அடுக்கினார்கள், மழை எப்போது தொடங்கியது, கரைந்த உப்பு எந்தச் சாக்கடை வழியாக ஆற்றில் போய் விழுந்தது என்பதெல்லாம் ரங்கூனில் பசுந்தாங் ஓடைக் கரையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், அந்த ஊரில் வந்துகொண்டிருந்த ஒரு சிறிய தமிழ்த் தினசரியில் நான் கம்பாசிட்டராக இருந்தேன். வயது இருபத்து நாலு. ஆசிரியர், அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர், நான் என்று மூன்று பேர்தான் பத்திரிகை. அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்த நம்மவர்கள்தான் வாசகர்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த வருஷம் தென்சீனத்து ஆற்றங்கரை நகரம் ஒன்றில் சண்டை. பெயர் வேண்டாம், அந்த ஊரைப் பற்றி நாங்கள் எழுதியது போதும். முன்பு அதைப் பறிகொடுத்த படை, பலம் சேர்த்துக்கொண்டு மீட்கத் திரும்பி வந்திருந்தது. ஊரைச் சுற்றி உயர்ந்த மதில். இங்கிலீஷ் பத்திரிகைகளில் எப்போதாவது மூன்று வரி வரும். எங்களுடையதில் தினமும் முக்கால் பத்தி வந்தது. தெருவில் தலை நீட்டினால் கூரைகளிலிருந்து சுட்டார்களாம். அதனால் மீட்கப் போனவர்கள் வீட்டுக்கு வீடு நடுச்சுவரை இடித்துக்கொண்டே முன்னேறினார்களாம். பஞ்சு மெத்தைகளைத் தண்ணீரில் நனைத்து மேஜைகளின்மேல் கட்டி, அதைக் கேடயமாகத் தள்ளிக்கொண்டு மூங்கில் சந்தைக்குள் நுழைந்தார்களாம். ஒரு கிணற்றுக்காக இரண்டு நாள் சண்டை. பிடித்த தெருவை மறுநாளே இழந்தபோது எங்கள் வாசகர்களுக்குச் சோறு இறங்கவில்லை. “நாளைக்கு மணிக்கூண்டைப் பிடிச்சிருவாங்களா?” என்று ஆலைக்காரர்கள் என்னை வழியில் நிறுத்திக் கேட்பார்கள், நானே துப்பாக்கி தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி.

ஆசிரியர் வெளியே போயிருந்த சமயத்தில் அவர் மேஜையில் கிடந்த இங்கிலீஷ் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நிலைமையில் மாற்றமில்லை, படை மதிலுக்கு வெளியே நிற்கிறது என்று மட்டும் இருந்தது. இவருக்கு ரகசியக் கடிதப் போக்குவரத்து இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். போலீஸ் வந்தால் என்னையும் சேர்த்துத்தான் இழுத்துப்போகும் என்று பயந்தேன். ஒருநாள் துணிந்து கேட்டும் விட்டேன்.

“ஐயா, இந்தத் தெருப் பேரெல்லாம் எந்தத் தந்தியில வருது?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “கொடுத்ததைக் கோத்துக் குடு தம்பி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

அதன்பின் அவர் செய்வதெல்லாம் எனக்குச் சந்தேகமாகவே தெரிந்தது. எதிர்வரிசையில் ஒரு சீனத் தச்சர் பட்டறை வைத்திருந்தார். எங்கள் எழுத்துகளைப் போட்டு வைக்கும் மரக் கேஸ்கள் அவர் செய்தவை. அவருடைய மனைவியும் மகளும் அந்த மதிலுக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் மத்தியானம் அவர் வருவார். ஆசிரியர் அவரை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். அரைமணி கழித்து வெளியே வரும்போது தச்சரின் கண்கள் சிவந்திருக்கும். நான் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டேன். தாம் இட்டுக்கட்டியதையே இவர் பர்மிய மொழியில் சொல்லி, பெண்டாட்டி பிள்ளையைப் பிரிந்து தவிக்கும் மனிதரை ஏமாற்றுகிறார்.

பிறகு அந்த நாள் வந்தது. உப்பு மண்டித் தெரு மீட்கப்பட்டது, வீடுகளுக்குச் சேதமில்லை, ஆற்று வாசல் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது என்று கோத்துக் கொடுத்தேன். தச்சரின் வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. அவர் வரிசை முழுவதற்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஆலைக்காரர்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் கௌஸ்வேக்காரன் நின்றான். கௌஸ்வே என்று பர்மியர் சொல்வது நூடுல்ஸைத்தான். தோள்கம்பின் ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் கூடையுமாக அவன் எங்கள் வாசலில் இரண்டு வருஷமாக விற்றுக்கொண்டிருந்தான். ஆசிரியரும் நானும் தினமும் அவனிடம் சாப்பிட்டோம். சீனத்தில் உனக்கு எந்த ஊர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பர்மாவில் எழுத்து வேலை செய்கிறவனை மரியாதையாகச் சயா என்பார்கள். ஆசிரியர் அவனுக்குச் சயாஜி, அதாவது பெரிய சயா; நான் சயாலே, சின்ன சயா.

“சயாலே, ஆத்து வாசலைத் திறந்துட்டாங்களாமே. நிஜமா?”

“உனக்கென்ன அதுல?”

“எங்கம்மா அங்கதான் இருக்காங்க. மணிக்கூண்டுக்குப் பின்னால வீடு. போய்க் கூட்டிட்டு வந்துரலாம்னு பாக்கறேன்.”

என் சந்தேகம் முழுவதும் தொண்டைவரை வந்தது. எனக்குப் பின்னால் ஆசிரியரின் அறைக் கதவு திறந்திருந்தது. வேலை போய்விட்டால் வேறு வேலை எங்கே தேடுவது என்றும் ஒரு நினைப்பு ஓடியது. “பேப்பர்ல போட்டிருக்கே” என்றேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். அவன் சந்தோஷமாக என் கிண்ணத்தில் ஒரு கரண்டி சாறு அதிகமாக ஊற்றினான்.

இரண்டு நாளாக அவனைக் காணோம். டீக்கடைக்காரரிடம் கேட்டபோது, “அவனா? அடுப்பை எங்கிட்டப் போட்டுட்டு, சீனத்துக்குப் போறேன்னு பினாங்கு கப்பல்ல ஏறிட்டானே” என்றார். நான் தச்சரின் பட்டறைக்கு ஓடினேன். அதுவரை அடக்கி வைத்திருந்ததை மூச்சு வாங்க அவரிடம் கொட்டினேன்.

“படை இன்னும் ஊருக்குள்ளயே போகல. எங்க பேப்பர்ல வர்றது அத்தனையும் பொய். சயாஜி உங்களை ஏமாத்தறார்.”

அவர் இழைப்புளியை நிறுத்தினார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“சயாஜி ஏமாத்தல. அவருக்குச் சொல்றதே நான்தான்.”

முதல்நாள் தச்சர் செய்தி கேட்கத்தான் வந்திருக்கிறார். ஆசிரியரிடம் மூன்று வரிக்குமேல் ஒன்றும் இல்லை. அவர் ஆறுதலாக, ஊர் எப்படி இருக்கும், வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்திருக்கிறார். தச்சர் மதில் வாசலிலிருந்து வீடுவரை தெருத்தெருவாகச் சொல்ல, ஆசிரியர் எழுதிக்கொண்டார். மறுநாள் அந்தத் தெருக்களில் சண்டை நடந்தது. “படையை எங்க வீட்டுப் பக்கமா தினம் ஒரு தெரு நகத்திக் கொண்டுவந்தேன். நடுவுல வேணும்னே தோக்கவும் வெச்சோம். அப்பத்தானே நம்புவாங்க? ஜனங்க படிச்சிட்டு வந்து ‘இன்னும் ரெண்டு தெருதான்’னு என்கிட்டயே சொல்வாங்க. அன்னிக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். உப்பு மண்டித் தெருவைப் பிடிச்ச அன்னிக்கு நானே நிஜமா நம்பிட்டேன்.”

கௌஸ்வேக்காரன் கப்பலேறியதைச் சொன்னேன். மரச்சுருள்கள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவனைத் தடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆசிரியர் அன்றே பினாங்குக் கப்பல் கம்பெனிக்குத் தந்தி அடித்தார். பதில் வரவில்லை. மறுநாளிலிருந்து சீனச் சண்டை எங்கள் பத்திரிகையில் நின்றுபோனது. சில வாரம் கழித்து டீக்கடைக்கு ஒரு கடிதம் வந்தது. தச்சர்தான் படித்துச் சொன்னார். ‘வாசல் எதுவும் திறக்கவில்லை. மதிலுக்கு வெளியே கிராமம் ஒன்றில் தங்கியிருக்கிறேன். மதிலேறும் ஏணி தூக்குவதற்குப் படைக்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்கிறார்கள். பேப்பரில் யார் எழுதியது என்று சயாலேயிடம் கேட்டு எழுதவும்.’ அதற்குப்பின் அவனிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

நகரம் ஒருநாள் நிஜமாகவே மீண்டது. இங்கிலீஷ் பத்திரிகையில் ஐந்து வரி. உள்ளே இருந்தவர்கள் பட்டினி தாங்காமல் தாங்களே வாசலைத் திறந்துவிட்டார்கள். எந்தத் தெருவிலும் சண்டை நடக்கவில்லை. ஆசிரியர் காலை முழுவதும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எப்பவோ நாம பிடிச்ச ஊரை இன்னிக்கு எப்படிப் பிடிக்கறது தம்பி?” என்றார். அவர் சிரிக்கவில்லை. செய்தியைப் போடவும் இல்லை.

மழைக்காலம் முடிந்து வந்த ஒரு கப்பலில் தச்சரின் மனைவியும் மகளும் வந்தார்கள். ஆசிரியரும் நானும் ஜெட்டிக்குப் போயிருந்தோம். எலும்பும் தோலுமாக இறங்கிய அந்த இருவரோடு, துணிப்பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி இன்னொரு பெண்ணும் இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். எங்கள் முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தச்சரிடம் ஏதோ கேட்டாள். அவர் ஆசிரியர் பக்கம் திரும்பிப் பர்மிய மொழியில் சொன்னார்: “நம்ம கௌஸ்வேக்காரனோட அம்மா. மகன் ஏன் கூட்டிப் போக வரலைன்னு கேக்கறாங்க.”

அவன் உங்களைத் தேடித்தான் அங்கே போனான் என்று தச்சர் சொன்னதும் அவள் முதலில் சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் கோத்தேன். ‘சீன நகரத்தில் நடந்ததாக நாம் எழுதிய தெருச் சண்டைகள் நடக்கவில்லை. அவற்றை எழுதியது நாம். அவற்றை நம்பி ஒருவர் அங்கே போனார். திரும்பவில்லை.’ அதற்குக் கீழே என் பங்கையும் சேர்த்து ஒரு வரி கோக்க எழுத்தை எடுத்தேன். திரும்பக் கேஸிலேயே போட்டுவிட்டேன். ஆலைக்காரர்கள் சிலர் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். பெரும்பாலானவர்கள் பேசாமல் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். பத்திரிகை அந்த வருஷமே மூடப்பட்டது. ஆசிரியர் மௌல்மீன் பக்கம் வாத்தியார் வேலைக்குப் போனார். நான் வேறொரு அச்சகத்தில் சேர்ந்தேன்.

தச்சர் வீட்டிலேயே அந்த அம்மாள் தங்கினாள். மகனுடைய அடுப்பை வாங்கிக்கொண்டு வந்து அவன் உட்கார்ந்த அதே வாசலில் விற்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தச்சரின் மகளைக் கூட்டிக்கொண்டு என் அச்சகத்துக்கு வருவாள். அந்தப் பெண் சீக்கிரமே பர்மிய மொழி கற்றுக்கொண்டிருந்தாள்.

“சயாலே, பேப்பர்ல ஏதாவது போட்டிருக்கான்னு அம்மா கேக்கறாங்க.”

“போடல.”

“உயிரோட இருக்கானான்னு கேக்கறாங்க.”

“எனக்குத் தெரியாதும்மா.”

சிறுமி அதைச் சீனத்தில் சொன்னாள். அந்த அம்மாள் தலையசைத்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

“எல்லாரும் வருவான் வருவான்னு சொல்றாங்களாம். நீங்க மட்டும்தான் தெரிஞ்சதைத் தெரியும்னும் தெரியாததைத் தெரியாதுன்னும் சொல்றீங்களாம். அதனாலதான் உங்ககிட்ட வர்றாங்களாம்.”

இதற்கெல்லாம் ஐம்பது வருஷம் ஆகிறது. அந்த அம்மாள் ஏழு வருஷம் அப்படி வந்துகொண்டிருந்தாள். ஏழு வருஷமும் அவளை உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவன் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனான் என்று சொல்லவேயில்லை.