சவுக்கு மரத்துக்கும் பூனைக்கும் நடுவே

டிசம்பர் பிறந்தால் அருள்நாதனுக்கு வேலை வந்துவிடும். மற்ற பதினொரு மாதமும் ராயபுரத்து வீட்டில் அவரை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். சாப்பிடும் நேரத்தில் தட்டு வரும், சாப்பிட்டதும் தட்டு போகும். டிசம்பரில் மட்டும் தம்பி பெண்டாட்டி ஆலிஸ் காலையில் எழுந்ததும், "மாமா, மரத்தப் பாத்துக்கினீங்களா?" என்று கேட்பாள். கேட்க ஒரு கேள்வியும் சொல்ல ஒரு பதிலும் கிடைத்த மனிதர் அந்த மாதம் முழுக்க முதுகை நிமிர்த்தி நடப்பார்.

துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ஒரு நாள் கயிறும் உருளையும் சேர்ந்து இடது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு (ஒற்றைக் கையோடுதான்) மேஸ்திரி வீட்டுக்குப் போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, தன் இடத்தில் தம்பி லியோனார்டைச் சேர்த்துவிட்டார். அதுவரை ஊர் சுற்றிக்கொண்டிருந்த லியோனார்டுக்கு வேலை வந்தது, வேலையைப் பார்த்து ஆலிஸ் வந்தாள். அருள்நாதனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வேறு வீட்டுக்குப் போனாள். வீட்டின் பின்பக்கம், சமையலறையை ஒட்டித் தகரம் போட்ட சாய்ப்பில் அவர் படுக்கை விழுந்தது. இதில் யாரையும் குறை சொல்ல அவருக்குத் தெரியாது. அதுதான் அவரிடம் இருந்த பெரிய கோளாறு.

துணைக்கு ஒரு பூனை இருந்தது. ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றி வந்த கப்பலில் பிறந்த குட்டி. கப்பல்களுக்குக் காய்கறியும் கறியும் கொண்டுபோய்க் கொடுக்கும் கமால், அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, "வெச்சுக்க மாமு, உனக்கும் பேச்சுத் தொணை வேணும்ல" என்று மடியில் போட்டுவிட்டுப் போனான். சாம்பல் நிறம், ஒரு காது கொஞ்சம் மடங்கியிருக்கும். பர்மா என்று பெயர் வைத்தார். வெட்டுப்பட்ட கையின் மொட்டை முனையை அது நக்கிக்கொடுக்கும். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அவரே குளிக்கும்போதுதான் தொடுவார். அதனால் அந்தப் பூனை அவருக்கு என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆலிஸின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். பெரம்பூர் குவார்ட்டர்ஸில் சட்டைக்காரர்கள் என்று ஊர் சொல்லும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் மரம் வேண்டும். அங்கே வைத்தது போன்ற ஊசி இலை மரத்துக்கு ராயபுரத்தில் எங்கே போவது? எண்ணூர் தோப்பிலிருந்து மாட்டு வண்டியில் வரும் சவுக்குக் கிளைதான். அதை மண்ணெண்ணெய்த் தகரத்தில் நட்டு, தகரத்துக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவி, ஜிகினா தொங்கவிட்டு நிறுத்துவாள். மற்ற வீடுகளில் சிகரெட் டப்பா ஈயத்தாளில் நட்சத்திரம் வெட்டி ஒட்டுவார்கள். ஆலிஸின் மரத்தில் மட்டும் கண்ணாடி உருண்டைகள் தொங்கின. ஜெர்மன் கப்பல் சமையல்காரரிடம் கமால் வாங்கி வந்த பன்னிரண்டு உருண்டைகள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். வாடகை வீட்டில், வெயிலில் காய்ந்து, புருஷன் குடித்துவிட்டு வந்தால் கதவு திறந்துவிட்டு வாழ்ந்த பெண்ணுக்கு வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் அந்த உருண்டைகள்தான் மரியாதை.

அறுபத்துமூன்றில், பர்மா வந்த முதல் கிறிஸ்துமஸில், மானம் கப்பலேறியது. தகரத்தில் கிளை நிற்க மணல் வேண்டும். லியோனார்ட் காசிமேட்டுக் கரையிலிருந்து ஒரு மூட்டை மணல் அள்ளி வந்தான். கருவாடு காயப் போடும் மணல். அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மீன் வாசனை என்று தனியாக ஒன்று தெரியாது, காற்று என்றாலே அதுதான். பர்மாவுக்குத் தெரிந்தது. மோந்து பார்த்தது, தோண்டிப் பார்த்தது, தன் வசதிக்காக வீட்டுக்காரர்கள் சிவப்புக் காகிதம் சுற்றிக் கட்டிக் கொடுத்த கக்கூஸ் என்று முடிவு செய்துகொண்டது. திருநாள் காலையில் பெரம்பூர் சொந்தக்காரர்கள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைச் சுளித்தார்கள். எதிர்வீட்டுச் சிலுவையம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இன்னாடி ஆலிஸு, ஏசு மாட்டுக் கொட்டாய்ல பொறந்தாருன்றதுக்காக வூட்டையே கொட்டாயா ஆக்கிக்கினியா?" என்று வாசல் வரை கேட்கும்படி சிரித்தாள்.

அன்று சாயங்காலம் ஆலிஸ் அழுது முடித்துவிட்டுச் சொன்னாள். "இந்த வூட்ல ஒண்ணு மரம் இருக்கணும், இல்ல பூன இருக்கணும்."

"ரெண்டும் இருக்கட்டும்மா," என்றார் அருள்நாதன். "ஒண்ணால ஒண்ணுக்கு ஒண்ணும் ஆவாம பாத்துக்கிறது எம் பொறுப்பு."

"இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா?"

"பூனைய நானே கொண்டுபோய் வுட்டுர்றேன்."

சொன்ன வாக்கை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் மணலைத் தொடவே இல்லை. ரயில்வே ஷெட் வாசலில் கொட்டிக் கிடக்கும் எரிந்த நிலக்கரிக் கட்டிகளைப் பொறுக்கி வந்து தகரத்தை நிரப்பினார். காலை வைத்தால் குத்தும், பூனை கிட்டப் போகாது. மரத்தின் தண்டை இரண்டு இடத்தில் தார் தோய்த்த கப்பல் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டினார். ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறு முனையை ஒற்றைக் கையால் வளைத்து இழுத்த முடிச்சு. லியோனார்ட் ஆட்டிப் பார்த்துவிட்டு, யானை கட்டலாம் என்றான். ஒரு தடவை பர்மா ஜிகினா இழையை விழுங்கிவிட்டு இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடந்தது. அதிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கீழே ஜிகினாவும் இல்லை, பஞ்சும் இல்லை, வெறும் காகித நட்சத்திரம்தான். உருண்டைகள் எல்லாம் மேல் கிளைக்குப் போயின. கப்பல் பூனைகளுக்கு ஆரஞ்சுத் தோல் ஆகாது என்று கமால் சொன்னதால், சுற்றிலும் தோலைப் பிய்த்துப் போட்டார்.

இத்தனையும் போதாதென்று மரம் வந்த நாளிலிருந்து ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிகிறவரை ஹாலில், மரத்துக்கும் வாசற்படிக்கும் நடுவே பாயைப் போட்டுக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும். "இன்னா அருளண்ணே, இந்த வருசம் எத்தினி பந்து?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பர்மா அவர் மடியில் படுத்துக்கொண்டு உருண்டைகள் மினுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கட்டும், பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே. இப்படி ஐந்து கிறிஸ்துமஸ். ஒரு உருண்டைகூட உடையவில்லை, பூனைக்கும் ஒரு கீறல் இல்லை. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான மூட்டைகளைச் சிந்தாமல் இறக்கியபோதுகூட அவருக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

அறுபத்தொன்பதில் லியோனார்டுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வந்தால் யாராவது ஒருவருக்குச் சேதம். மரம் ஜன்னலோரம் இருந்தால் உள்ளே வருகிறவர்கள்தான் பார்க்க முடிகிறது, வாசலுக்கு நேரே வைத்தால் தெருவில் போகிறவனும் பார்ப்பான் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "அங்க கட்டறதுக்குக் கம்பி இல்லடா," என்று அருள்நாதன் மறுத்துவிட்டார்.

இருபத்துநாலாம் தேதி கேக் சுட வேண்டும். வீட்டில் ஏது அடுப்பு? மாவைக் குழைத்துத் தகரத் தட்டில் ஊற்றி, தட்டின் அடியில் ஆணியால் பெயர் கீறி, வண்ணாரப்பேட்டையில் சௌக்கத் அலியின் பேக்கரிக்குக் கொண்டுபோக வேண்டும். ரொட்டி வேலை முடிந்த அடுப்பில் அவர் வரிசைப்படி வைத்துக் கொடுப்பார். தட்டு மாறிப்போகாமல் கூடவே காத்திருக்க வேண்டும், அரை நாள் போய்விடும். எப்போதும் லியோனார்டுதான் போவான். அந்த வருஷம், "நீ போ அண்ணே, எனக்கு மேலுக்கு சரியில்ல," என்றான்.

"மரம்?"

"நான் கீறேன்ல. பாத்துக்கறேன் போ."

மதியம் மூன்று மணிக்குச் சுடச்சுடக் கேக் தட்டைத் துணியில் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அருள்நாதன் திரும்பினார். நல்ல நிறமாக வந்திருந்தது, சௌக்கத் அலியே பாராட்டினார். ஆலிஸிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியேறினார். ஆலிஸ் ஹாலில் குந்தி உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளை முறத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மரம் குப்புறக் கிடந்தது. பன்னிரண்டில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"பாத்தியா உன் பூன பண்ண வேலைய?" என்றான் லியோனார்ட். பீடியைப் பற்றவைத்துக்கொண்டான். "ஒரே தாவு. மொத்தமும் போச்சு."

பர்மா பரண்மேல் பாத்திரங்களுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் அருள்நாதன் ஜன்னலைப் பார்த்தார். கம்பியில் அவர் போட்ட முடிச்சு இரண்டும் போட்டது போட்டபடி இருந்தன. முடிச்சிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கயிறு நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது. பூனை கடித்தால் கயிறு நார் நாராகப் பிரியும். இது கத்தி. மரம் விழுந்து கிடந்ததும் ஜன்னலோரம் இல்லை, வாசலுக்கு நேரே. இதற்கு மேல் விளங்க ஒன்றுமில்லை. அவர் தலை மறைந்ததும் தம்பி கயிற்றை அறுத்து, மரத்தை வாசலுக்கு இழுத்திருக்கிறான், கனமான தகரம் சாய்ந்துவிட்டது.

வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் கயிற்றைப் பார்த்த அதே கண், ஆலிஸின் அழுகையையும் தம்பியின் முகத்தையும் பார்த்தது. இன்றைக்கு இவனைப் பெண்டாட்டி முன்னால் தலைகுனிய வைத்தால் நாளைக்குத் தன் தட்டு எங்கே இருக்கும் என்று மனம் நினைத்தது. எட்டு வருஷமாக அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவருக்கு, அந்தச் சோறே தன் கையின் விலை என்பது அப்போதும் தோன்றவில்லை. பயந்துவிட்டார். இதற்குப் பொறுமை என்றோ பெருந்தன்மை என்றோ பெயர் வைக்கக் கூடாது. வெறும் பயம்.

"இன்னிக்கே எங்கியாச்சும் வுட்டுட்டு வா," என்றான் லியோனார்ட். "திரும்பி வராத தூரத்துல."

அருள்நாதன் கேக்கை மேஜைமேல் வைத்தார், சாக்கை எடுத்துக்கொண்டார். கூப்பிட்டதும் பர்மா பரணிலிருந்து நேராக அவர் தோளுக்கு இறங்கிவிட்டது. எண்ணூர் பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்திருந்தார். உள்ளே அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை, அவர் மடி என்று தெரிந்ததால் படுத்துக்கொண்டது. வெயில் சாயும் நேரம் சவுக்குத் தோப்பில் சாக்கை அவிழ்த்தார். பர்மா சோம்பல் முறித்தது, மணலை முகர்ந்தது, அவர் காலைச் சுற்றியது. துரத்தினார், போகவில்லை. கல்லெடுக்க மனம் வராமல் கீழே கிடந்த ஒரு சவுக்குக் காயை எடுத்துத் தூர வீசினார். விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து அது காயின் பின்னால் ஓடியது. அவர் திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு ஓடிவந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் நாலைந்து தடவை அந்தத் தோப்புக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். விறகு வெட்டுகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிறகு போகவில்லை.

மறு வருஷம் மரம் வாசலுக்கு நேராக நின்றது. கயிறு இல்லை, நிலக்கரிக் கட்டி இல்லை, தகரத்தில் பழையபடி மணல். ஆலிஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் உருண்டைகள் வாங்கி வந்திருந்தாள். அடிக்கிளை வரை ஜிகினா தொங்கியது. அருள்நாதன் வழக்கம்போலப் பாயைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"இன்னாத்துக்கு மாமா கஷ்டம்?" என்றாள் ஆலிஸ். "பூனதான் இல்லியே. பின்னாலயே படுத்துக்கோங்க. இங்க வரவங்க போறவங்களுக்கு எடம் வேணும்ல." அவள் குரலில் விஷம் இல்லை. உண்மையிலேயே அவருக்குச் சிரமம் குறைந்தது என்றுதான் நினைத்தாள்.

பாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "லியோ, அன்னிக்குக் கயித்த அறுத்தது நீதான். எனக்கு அப்பவே தெரியும்."

மரத்தில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த லியோனார்ட் திரும்பவில்லை. "தெரியும்ணே. நீ கயித்தப் பாத்தத நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

ஆலிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் தெரியும் மாமா," என்றாள். "வுழுறப்ப நான் இங்கதான இருந்தேன்."

"அப்போ... பூன?"

"நான் ஏதோ கோவத்துல சொன்னேன்," என்றான் தம்பி. "'இல்லடா, நீதான் கயித்த அறுத்தே'ன்னு நீ ஒரு வார்த்த சொல்லுவியான்னு பாத்தேன். சொல்லியிருந்தா ஒத்துக்கினிருப்பேன். நீ பேசாம சாக்க எடுத்துக்கினு கெளம்பிட்டே. சரி, அதோட பேஜாரு உனக்கே போதும்னு ஆயிருச்சு போலன்னு நானும் வுட்டுட்டேன்."

அருள்நாதன் பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். பதில் சொல்ல அவருக்கு ஒரு வருஷம் முன்னால் நேரம் இருந்தது.