புகுமுகப் பரீட்சைக்கு இரண்டு முறை

கல்லூரிப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரும்படி இப்போதும் யாராவது என்னைக் கூப்பிடுவதுண்டு. பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையில் ஒருமுறை தவறியவள் நான் என்பதைத்தான் முதலில் சொல்வேன். அதைக் கேட்டதும் பின்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மற்றதை அதற்குப் பிறகு சொல்வேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்தது. அப்பாவுக்குக் கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் வேலை, அம்மா கொழுந்தெடுத்தார். ஹட்டனில் பெண்கள் கல்லூரி ஒன்றின் மேல்வகுப்பில் எனக்கு இடம் கிடைத்தபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் நான்தான். தினமும் காலையில் ரயிலில் போய் மாலையில் திரும்புவேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். ஒரு பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பேன், அதற்குத்தான் அந்தப் பெயர். மேல்வகுப்பிலும் அதையே செய்தேன். முதல் தவணைச் சோதனையில் வரலாற்றுத் தாள் கைக்கு வந்தபோது வகுப்பிலேயே குறைந்த புள்ளி என்னுடையது. டீச்சர் ஓரத்தில் சிவப்பு மையால், "நிறைய எழுதியிருக்கிறாய். கேட்டதற்கு விடை இல்லை" என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, குழப்பம்தான் வந்தது. புத்தகத்தில் இருந்ததைத்தானே எழுதினேன்?

அந்தச் சோதனையில் அதிகப் புள்ளி எடுத்தவள் தலவாக்கலையில் ரயிலேறுகிறவள். டவுனில் தையற்கடை வைத்திருந்தவரின் மகள். ரயிலில் அவள் புத்தகத்தை விரித்து நான் பார்த்ததே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டு வருவாள். ஜெபம் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். தாள் கொடுத்த மறுநாள் அவள் எதிரே போய் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"நீ எப்பப் படிக்கிற?"

"இப்பத்தான் படிச்சிக்கிட்டு இருந்தேன், நீ வந்து கெடுத்துட்ட."

"புத்தகமே இல்லையே?"

"புத்தகத்த மூடிட்டு, நேத்து டீச்சர் சொன்னத எனக்கு நானே சொல்லிப் பாப்பேன். எங்க தடுமாறுதோ அங்க மட்டும் தொறந்து பாப்பேன். ஒனக்குச் சொல்லட்டுமா? எனக்கும் ஆள் கெடச்ச மாதிரி இருக்கும்."

அன்றிலிருந்து ரயிலில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். போகும்போது ஒருத்தி சொல்ல வேண்டும், வரும்போது மற்றவள். புத்தகத் தமிழில் சொல்லக்கூடாது, லயத்தில் பேசுகிற மாதிரித்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். "பிரித்தானியர் கோப்பிச் செய்கையைக் கைவிட நேர்ந்தது" என்று நான் தொடங்கினால், "ஏன் கைவிட்டாங்க? யாரு கைவிட்டாங்க? ஒங்க பாட்டன்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு" என்பாள். அப்படிச் சொல்ல முயன்றபோதுதான் எனக்குப் பாதி தெரியாது என்பது தெரிந்தது. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும். பெட்டிக்குள் இருட்டாகிவிடும். அப்போது அவள் ஒரு கேள்வி கேட்பாள், வெளிச்சம் வருவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். கரிப்புகைக்கு வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பில் கேள்வி கேட்கவும் அவளைப் பார்த்துத்தான் பழகினேன். எங்கள் டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பாடம் முடிந்ததும் "விளங்கினதோ?" என்பார். எல்லாரும் தலையாட்டுவோம். அவருடைய பேச்சே எங்களில் பலருக்குப் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம். ஒருநாள் இவள் எழுந்து, "விளங்கல டீச்சர்" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் கோபிக்கவில்லை.

"எது விளங்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை. முழுக்க விளங்கேல்லை எண்டால் நான் எங்கையிருந்து தொடங்கிறது?"

அவள் சரியாக எந்த இடம் என்று சொன்னாள். டீச்சர் அந்த இடத்தை மட்டும் மறுபடி விளக்கினார். எனக்கும் அங்கேதான் தடுமாற்றம் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். அடுத்த வாரம் நானும் எழுந்து நின்று, எந்த இடம் என்று சொல்லிக் கேட்டேன். பழகப் பழகக் கூச்சமும் விட்டது.

எழுதிப் பழகுவதற்கு வீட்டில் இடமில்லை. ஒரே அறை, அதிலேயே அடுப்பு, சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக் காம்பராவில் சின்னப் பிள்ளைகள். கல்லூரி விட்டு ரயில் வருவதற்கு இடையில் கிடைத்த நேரத்தை ஹட்டன் ஸ்டேஷனின் பெண்கள் காத்திருப்பு அறையில் கழித்தோம். அங்கே ஒரு பெரிய மேசை இருந்தது. அறையைக் கூட்டுகிற சிங்கள அம்மா முதலில் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பழகிவிட்டார். வேறு யாராவது மேசையில் மூட்டையை வைக்க வந்தால், "லமயி இகெனகன்னவா" என்று, பிள்ளைகள் படிப்பதைச் சொல்லி நகர்த்திவிடுவார். அங்கேயே எழுதி முடித்துவிட்டதால் வீட்டுக்குப் போனதும் தண்ணீர் எடுத்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவேன். நான் புத்தகத்தைத் தொடவே இல்லை என்று அம்மா பக்கத்து வீட்டில் குறைப்பட்டுக்கொண்டது காதில் விழுந்தது.

இரண்டாம் வருடம், பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அவள் ரயிலேறவில்லை. மறுநாளும் இல்லை. நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, என்று தெரிந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பியபோது முடியெல்லாம் கொட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சனிக்கிழமைகளில் நான் தலவாக்கலைக்குப் போய், அந்த வாரத்துப் பாடங்களை அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். களைப்பில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்கிவிட்டாள் என்று நிறுத்தினால், "அப்பறம்?" என்பாள். அவள் அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பரீட்சைக்கு இருவரும் தோற்றினோம். அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள், நான் தவறியிருந்தேன்.

எங்கே பிழைத்தது என்று எனக்குத் தெரியும். வரலாற்றுத் தாளில் முதல் கேள்வி, நான் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த பாடத்திலிருந்து வந்திருந்தது. எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு. தெரிந்ததையெல்லாம் எழுதினேன். தலையை நிமிர்த்தியபோது பாதி நேரம் போயிருந்தது. கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை. அவளோ எல்லாக் கேள்விக்கும் சுருக்கமாக எழுதிவிட்டு, மீதி நேரம் மேசையில் தலைசாய்த்துக் கிடந்தாளாம். நீளமாக எழுத அவள் உடம்பில் தெம்பில்லை.

நான் சொல்லிக்கொடுத்தவள் போகிறாள், நான் நிற்கிறேன் என்ற எண்ணம் சில நாட்கள் இருந்தது. அவள் வந்து பார்த்தபோது நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அம்மா, "படிச்ச வரைக்கும் போதும் புள்ள. கணக்கப்புள்ளைகிட்டச் சொல்லிப் பேர் பதிஞ்சு கொழுந்தெடுக்கப் போகலாம்" என்றார். அப்பா வேலை முடிந்து வந்து கைகால் கழுவிவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, என்ன தப்பு நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுதா?"

"தெரியுதுப்பா. நேரத்தப் பிரிச்சு எழுதல. ஒரு கேள்விய விட்டுட்டேன்."

"பாடம் தெரியாம இல்லையே?"

"இல்லப்பா."

"அப்ப இன்னொரு வருசம் போ."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "போறதுன்னா போகட்டும். அடுத்த வருசமும் இதே கதைய வந்து சொல்லக்கூடாது" என்றார்.

அந்த வருடம் முழுவதும் எதிரே ஆளில்லாத ரயில். இரண்டு மாதம் தனியாக முணுமுணுத்துப் பார்த்தேன், மனம் நிற்கவில்லை. பிறகு கீழ்வகுப்பில் படித்த இரண்டு பெண்களை என் பெட்டிக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். அவர்கள் கேட்ட கேள்விகள் பல எனக்குத் தோன்றாதவை. காத்திருப்பு அறையில் பழைய வினாத்தாள்களை எடுத்து, பிளாட்பார்ம் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். ஒரு கேள்விக்கு உரிய நேரம் முடிந்தால், வாக்கியம் பாதியில் நின்றாலும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். நன்றாகத் தெரிந்த விடையைப் பாதியில் விடுவதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. அதைப் பழகவே ஒரு தவணை பிடித்தது.

இரண்டாம் முறை எல்லாக் கேள்விக்கும் எழுதினேன். எதுவும் பிரமாதமாக வந்ததாகத் தோன்றவில்லை. வீட்டில் கேட்டபோது, "முடிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். தேறியிருந்தேன். அப்பா ஸ்டோரில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பல்கலைக்கழகம் இருந்த பேராதனையில் நான் இறங்கிய அன்று அவள் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். முடி தோள்வரை வளர்ந்து, முகம் தேறியிருந்தது. பழைய மனத்தாங்கலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. என் தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"மொதல்ல சாப்பிடு. அப்பறம் லைப்ரரியக் காட்டுறேன். இங்க பாதிப் புத்தகம் இங்கிலீஷ். நான் ஒரு வருசம் திணறிட்டேன். ரெண்டு பேரா இருந்தா படிச்சிரலாம்."

பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு விடுதியை நோக்கி நடந்தோம்.