பூஜையில் இருக்கும் பதினேழாம் நம்பர்

தங்கையன் மாமாவின் வலது கை விரல் கணுக்களில் தோல் முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்று ஆறிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று புதிதாக உரிந்திருக்கும். பூதலூர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு, டிராக்டரும் அறுவடை மெஷினும் பழுது பார்க்கிறவர். கை நுழையாத சந்தில் கையைவிட்டுத் திருப்புவார், ஸ்பானர் வழுக்கும், கை இரும்பில் போய் இடிக்கும். உடனே "மச்சான்!" என்று கத்துவார். சுலபத்தில் கழலாத நட்டுக்கெல்லாம் அவர் வைத்திருக்கும் பெயர் அது.

"ஒக்காந்தா எந்திரிக்க மாட்டான், என்ன சொன்னாலும் அசைய மாட்டான். வேற என்ன பேரு வைக்கிறது?"

"யோவ், எங்க அண்ணன் ஒன் வீட்டு வாசப்படி மிதிச்சு எத்தன வருசமாவுது? இன்னும் என்னத்துக்கு அவன இழுக்குற?" என்பார் அவர் மனைவி அம்சவல்லி அத்தை. அவர் மாமாவைக் கூப்பிடுவது எப்போதும் அப்படித்தான். யோவ்.

பதினாறு வயதில் திருச்சியில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்த மாமா, ஊர் திரும்பியபோது தொழிலோடு மூன்று கெட்ட வார்த்தைகளையும், எதையும் காதால் சோதிக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தார். இப்போது கல்யாணமாகி வலங்கைமானில் இருக்கும் மகள் பிறந்தபோது, முதல் அழுகையைக் கேட்டுவிட்டு, "இன்ஜின் நல்லா இருக்கு" என்றாராம்.

எங்களுக்கு அடுத்த வீடு. சொந்தமில்லை, அழைத்துப் பழகிய மாமா, அத்தை. நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, பி.ஏ. பொருளாதாரம். வேலை இன்னும் கிடைக்கவில்லை. தெருவில் யாருக்கு எது புரியவில்லை என்றாலும் என்னிடம்தான் வரும். "சுடர்விழி படிச்ச புள்ளதானே, அவகிட்ட குடு." எனக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நான்தான் கேட்டுக்கொள்வேன்.

அப்படித்தான் ஸ்பானரும் என்னிடம் வந்தது.

மாமா போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். அதில் ஒருவர், வெள்ளைச் சட்டை அழுக்காகாமல், ஒரு சந்துக்குள் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாதாரண ஸ்பானரை நெருக்கடியான இடத்தில் கொஞ்சம் திருப்பி, வெளியே எடுத்து, மறுபடி மாட்டி, மறுபடி கொஞ்சம் திருப்ப வேண்டும். இதை எடுக்கவே வேண்டாம். முன்னால் தள்ளினால் நட்டைப் பிடித்துத் திருப்புகிறது. பின்னால் இழுத்தால் "கிர்" என்று சும்மா வருகிறது. போதாததற்கு, தலை பக்கவாட்டில் மடங்குகிறது. ஃப்ளெக்ஸ் ஹெட் ராட்செட் ஸ்பானர்.

அத்தையும் எட்டிப் பார்த்தார். "தலையாட்டி பொம்மையாட்டம்ல இருக்கு."

"ஆமா, தலையாட்டி. வாங்கணும்."

"ஏன்யா, இந்த வீட்டுல தலையாட்டுறதுக்கு ஆளே இல்லையா, காசு குடுத்து வேற வாங்கணுமா?"

அத்தைக்கு அப்போது ஸ்பானரில் மனம் இல்லை. அடுத்தவர் வயலில் நடவு நட்டே வயதைக் கழித்தவர், இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தன் பேரில் குறுவை போட்டிருந்தார். "மெக்கானிக் பொண்டாட்டிக்கு எதுக்கு வயலு?" என்று மாமா முதல் நாளே கேட்டுவிட்டார். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. மழை எந்த நாளும் பிடிக்கலாம். நனைந்து சாய்ந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்; மாமா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். அறுவடை மெஷினுக்கோ ஊரே அடித்துக்கொண்டது. ஆத்தூரிலிருந்து வந்த ஒரு மெஷினில் கடைசியாக ஒரு நாள் கிடைத்தது. ஆயுத பூஜை அன்று. மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட நாள் என்பதால்தான் கிடைத்தது.

மாமாவுக்கு நான் ஆன்லைனில் தேடினேன். வெளிநாட்டு செட் ஒன்றின் விலைக்கு ஒரு பழைய மொபெட்டே வாங்கிவிடலாம். மலிவானவை நிறைய இருந்தன, எல்லாவற்றுக்கும் நட்சத்திரங்கள்.

"அஞ்சு ஸ்டார் போட்டவன விடு. அவன் பெட்டியப் பிரிச்சதோட சரி. ஒரு ஸ்டார் போட்டவன் என்ன எழுதிருக்கான்?"

"'டெலிவரி பையன் மரியாதையாகப் பேசவில்லை'ன்னு எழுதிருக்கு மாமா."

"ஸ்பானரப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

"அப்ப நேர்ல போயிருவோம்."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தஞ்சாவூர் கீழவாசலில் ஜாபிர் பாய் கடைக்குப் போனோம். பாய் மூன்று செட்டுகளை எடுத்து வைத்தார். மாமா ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

"என்னண்ணே, ஸ்பானர் வாங்க வந்தீங்களா, வீணை வாங்க வந்தீங்களா?"

"சும்மா இருங்க பாய். சத்தத்துலயே தரம் தெரிஞ்சுரும்." மூன்றாவதைத் திருப்பியதும் முகம் மலர்ந்தது. "கணீர்னு இருக்கு பாருங்க. இதான் சரக்கு."

"அது கிரீஸ் காஞ்சு கெடக்குண்ணே. வந்ததுலேர்ந்து ஷோகேஸ விட்டு எறங்கல. ஒரு சொட்டு எண்ணெய் விட்டா அதுவும் வாய மூடிக்கும்."

மாமா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "சுடரு, அட்டையில என்ன போட்டுருக்குன்னு பாரு."

முதல் செட்டின் அட்டையில் ஒரு சிங்கப் படம் மட்டும் இருந்தது. இரண்டாவதில் எழுபத்திரண்டு பல் என்று போட்டிருந்தது. முந்நூற்று அறுபதை எழுபத்திரண்டால் வகுத்தேன். "அஞ்சு டிகிரி அசைய எடம் இருந்தா போதும் மாமா, அடுத்த பல் பிடிச்சிரும்."

"அஞ்சு டிகிரின்னா எவ்வளவு?"

இரண்டு விரலை ஒட்டி வைத்துக் காட்டினேன்.

"பாத்தீங்களா பாய்? எங்க ஊர்ப் பொண்ணு. பி.ஏ."

அது பள்ளிக்கூடக் கணக்கு. என் பட்டத்துக்கு அதில் பங்கில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"கம்பெனி பேரு யாருக்கும் தெரியாது, ஆனா வெல அடக்கம். இதுவரைக்கும் ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல" என்றார் பாய்.

"பேரு எதுக்கு? நட்டுக்குப் படிக்கவா தெரியும்? சரி, ஒடஞ்சா?"

"ஒடஞ்சா கொண்டாங்க. ரெண்டு பேரும் சேந்து அழுவோம்."

அந்த உத்தரவாதத்தில் மாமா வாங்கிவிட்டார். ஊர் திரும்பும் பஸ்ஸில் வழி நெடுக, கிர், கிர், கிர். பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அத்தை காத்திருந்தார். மாமாவின் பட்டறை அத்தையின் ஆட்சிக்கு வருவது வருஷத்தில் இந்த ஒரு பண்டிகைக்குத்தான். எல்லா ஸ்பானரையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வாழை இலையில் உயரவாரியாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பார். வைத்துவிட்டால், மறுநாள் காலை மறுபூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. ஒரு வருஷம் மாமா பூஜையில் இருந்த சுத்தியலை எடுத்து ஆணி அடிக்கப் போய்க் கட்டை விரலை நசுக்கிக்கொண்டார். பூஜை இல்லாத நாளிலும் அவர் நசுக்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அத்தைக்கு அந்த ஒரு சாட்சி போதும்.

"அம்சா, ஒரே ஒரு நட்ட மட்டும் கழட்டிப் பாத்துட்டுத் தர்றேன்."

"புதுசு. மொதல்ல சாமி பாக்கட்டும்."

மறுநாள் காலை புது செட்டும் பூஜையில் உட்கார்ந்தது. புதுசு என்பதால் சந்தனம் கூடுதலாகவே. பக்கத்தில் என் போட்டித் தேர்வுப் புத்தகங்களும். சரஸ்வதி பூஜையும் அன்றுதான். ஒரு நாள் முழுக்கப் படிக்கக் கூடாது என்ற விதியை நான் மீறியதே இல்லை.

அறுவடை மெஷின் மதியம் வயலில் இறங்கியது. பூஜை நாளாயிற்றே என்று நான் கேட்டதற்கு டிரைவர் அண்ணாதுரை, "காலையிலேயே எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கியாச்சுங்க. ஓடுற வண்டிக்கு ஓடுறதுதான் பூஜை" என்றார். அத்தை வரப்பிலேயே நின்று, மெஷின் போகும் பக்கமெல்லாம் கூடவே நடந்தார். பாதி வயல் முடிந்திருக்கும். டப்பென்று ஒரு சத்தம், ரப்பர் கருகிய வாசம். மெஷின் நின்றுவிட்டது.

பெல்ட் அறுந்திருந்தது. மாற்று பெல்ட் அண்ணாதுரையிடம் இருந்தது. ஆனால் அதை மாட்ட, பெல்ட் சுற்றும் புல்லியின் பின்னால் சந்துக்குள் இருக்கும் ஒரு நட்டைத் தளர்த்த வேண்டும். அவருடைய ஸ்பானரை உள்ளே விட்டால் திருப்ப இடமில்லை.

"டீசல் டேங்க்க எறக்கிட்டுத்தான் பண்ண முடியும்க்கா. பொழுது போயிரும். விடிஞ்சா நான் திருக்காட்டுப்பள்ளியில நிக்கணும்."

மேற்கே, கல்லணைப் பக்கம், வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் மாமாவை அழைத்து வந்தேன். சந்துக்குள் கையைவிட்டுத் தடவினார். பழைய ஆளைப் பார்த்ததுபோல ஒரு சிரிப்பு வந்தது. "மச்சான்தான். பதினேழாம் நம்பர்."

"கழட்டுய்யா அப்ப!" என்றார் அத்தை.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு, வரப்பில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பதினேழாம் நம்பர் பூஜையில இருக்கு."

"யோவ், வெளையாடுற நேரமா இது?"

"நான் எங்க வெளையாடுறேன்? தொடக் கூடாதுன்னு சொன்னது யாரு? எனக்கு இன்னொரு கட்ட வெரல்தான் பாக்கி இருக்கு."

அத்தை கதிரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "என்னங்க" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். மாமாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். யாரைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அத்தை என்னிடம் வந்தார். "சுடரு, நீ படிச்ச புள்ள. இப்ப எடுக்கலாமா, கூடாதா?"

எடுக்கலாம் என்றால் என் புத்தகங்களையும் எடுக்கலாம் என்று ஆகிவிடுமே. ஆறு மா நெல் கண்முன் நிற்க, எனக்கு முதலில் தோன்றியது அதுதான். என்ன மாதிரி ஆள் நான்? "அது... அவங்கவங்க நம்பிக்கையப் பொறுத்தது அத்தை" என்றேன்.

"இதச் சொல்லத்தான் மூணு வருசம் காலேஜுக்குப் போனியா?"

பிறகு அத்தை மெஷினைச் சுற்றி வந்து அண்ணாதுரையிடம் நின்றார். "ஏம்ப்பா, இதுக்குப் பூஜை போட்டேன்னியே, சந்தனம் வச்சியா?"

"இல்லக்கா" என்றார் அண்ணாதுரை.

"பொரி கடல?"

"எலுமிச்சம்பழம் மட்டும்தான்க்கா."

"அது பூஜையா? அதான் நின்னுருச்சு. முழுப் பூஜை போடணும். சாமியும் ஆயுதமும் இங்க வரட்டும். எடம்தான மாறுது, பூஜை மாறலையே." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

திரும்பி வந்தபோது தாம்பாளத்தில் படம், சந்தனக் கிண்ணம், மொத்த ஸ்பானர் செட். ஒன்றை மட்டும் பிரித்து எடுப்பது பாவமாம். பின்னால் நான் பொரிப் பையோடு வரப்பில் வழுக்கி வழுக்கிப் போனேன். அத்தை மெஷினின் நெற்றியில் சந்தனம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்.

"அக்கா! டீசல்! தள்ளி நின்னு காட்டுங்கக்கா!" என்று அண்ணாதுரை அலறினார்.

தள்ளி நின்று காட்டினார். பிறகு மாமாவிடம் திரும்பி, "சாமி முன்னாடி ஆயுதம் வேல செஞ்சு காட்டணும். அதுவும் பூஜையில சேத்திதான். எந்திரிங்க" என்றார்.

மாமா எழுந்து பதினேழாம் நம்பரை எடுத்து, தலையை மடக்கி, சந்துக்குள் விட்டுத் தள்ளினார். சத்தமே இல்லை. மறுபடி தள்ளினார். நட்டு அசையாமல் ஸ்பானர் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

"அம்சா, எதுக்குடி இது வாயில சந்தனத்த அப்பி வச்ச?"

"புதுசாச்சேன்னு..." என்று இழுத்தார் அத்தை. முதல் சொட்டு மழை என் கையில் விழுந்தது.

அண்ணாதுரை ஒரு டப்பாவில் டீசல் பிடித்துக் கொடுத்தார். மாமா ஸ்பானரின் தலையை அதில் முக்கி ஆட்டினார். பல்லிடுக்கிலிருந்து மஞ்சள் மஞ்சளாகக் கரைந்து வந்தது; சந்தனமும் டீசலும் கலந்த ஒரு வாசம். மறுபடி காதருகில் வைத்துத் திருப்பினார்.

கிர்.

ஸ்பானரை உள்ளே விட்டார். கிர், கிர், கிர். இரண்டு விரல் இடைவெளியில் கை போய்ப் போய் வந்தது. "வாடா மச்சான்!" என்றார். அத்தை அன்றைக்கு மறுப்பு சொல்லவில்லை. மாமா கையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் தோல் உரியவில்லை. ஏதோ குறைகிறதே என்பதுபோல் விழித்தார்.

பெல்ட் மாட்டி மெஷின் கிளம்பியபோது தூறல் விட்டு விட்டு வந்தது. கடைசிச் சுற்று முடிந்து, நெல்லை டிராக்டர் டிப்பரில் கொட்டித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிய பிறகுதான் மழை தைரியமாகப் பெய்தது. அத்தை நனைந்துகொண்டே தார்ப்பாயின் நாலு மூலையையும் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, அந்த ஸ்பானர நாளைக்கு ஒரு நாள் குடுங்கண்ணே" என்று அண்ணாதுரை கேட்டார். மாமா பெருந்தன்மையாக வாயைத் திறப்பதற்குள் அத்தை அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பூஜையில இருக்கு. மறுபூஜை முடிஞ்சு வா."

வீட்டில் பதினேழாம் நம்பரைத் துடைத்து, மறுபடி இலையில் அதன் இடத்திலேயே வைத்தார். மறுபடி சந்தனம். இந்தத் தடவை பிடியில் மட்டும். பிறகு என் புத்தகங்களைப் பார்த்தார்.

"அடுத்த வருசம் இதையும் தட்டுல வச்சு வயலுக்கு எடுத்துட்டுப் போவோம் சுடரு. எந்த நட்டக் கழட்டுதுன்னு பாத்துருவோம்."

சிரித்தேன். சிரிப்பு முடிந்த பிறகும் அந்தக் கேள்வி என்னோடுதான் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருப்பேன், உள்ளே கிர் என்று ஒரே ஒரு சத்தம்.

"யோவ்!" என்றார் அத்தை.