காஜா பெராங்கில் காய்க்காத தம்பட்டை

உஜோங் பாசிர்க் கடற்கரையிலிருந்து காஜா பெராங்குக்கு நடந்துகொண்டிருந்தேன். சட்டை மடியில் தம்பட்டை அவரைக்காய் கனத்தது. கொடுத்தவன் என் பழைய ரப்பர் தோட்டத்துக் கூட்டாளி. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஜப்பான்காரர்கள் வந்தபோது இருவரும் ஒரே வேலியைத் தாண்டி ஓடிவந்தோம். அவன் சும்மா கொடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடற்கரையில் தானாகப் படர்ந்து கிடந்த கொடியில் இருவரும் சேர்ந்துதான் விதை பொறுக்கினோம். அவன் தன் குடிசையைச் சுற்றி மணலில் ஊன்றினான். நான் காஜா பெராங்கில், என்னைத் தங்கவிட்ட மலாக்கா செட்டி வீட்டம்மாவின் கொல்லையில், கறுத்த மண்ணில் ஊன்றினேன். காய்த்தால் பின்கொட்டகை எனக்கு என்பது அவர் பேச்சு. காய்க்காவிட்டால் கொல்லையில் மரவள்ளி. அதை நடுகிறவனுக்குக் கொட்டகை. கிணற்று நீர் இறைத்து ஊற்றினேன். சாணம் சுமந்து போட்டேன். கொடி கூரை ஏறியது. ஒரு பூ கிடையாது.

அவன் கொடிக்கு வெயிலும் உப்புக் காற்றும்தான். கொத்துக் கொத்தாக ஊதாப் பூ, அடியில் காய்.

"என்னடா போட்ட?" என்று கேட்டிருந்தேன்.

"ஒன்னும் போடல லா. என்னைக்காச்சும் ஒன்னுக்குப் போயிருப்பேன்" என்று சிரித்தான். "நீதான் புள்ள வளக்கற மாதிரி வளக்கற. இந்தா, அள்ளிட்டுப் போ."

ஆற்றில் கொட்டிவிடலாமா என்று பாலத்தில் நின்றேன். வீட்டில் மரவள்ளியைத் தவிர எதுவும் இல்லை. கொட்டவில்லை. முற்றிய காய் ஒன்றை மட்டும் விதைக்கு எடுத்து வைத்தேன்.

தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட செட்டிக் குடும்பம்; வீட்டம்மாவுக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசுவார். காயை வேகவைத்து, இரண்டு முறை தண்ணீரை வடித்துவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றினார். தின்றுவிட்டுக் கேட்டார்:

"உன் கொடியில் காய்த்ததா?"

"இல்லை. கூட்டாளியுடையது."

"அவன் இங்கே வந்து நடுவானா? கொட்டகைதான் இருக்கிறதே."

கொட்டகை இருக்கிறதாம். அதில் நான் படுத்துக்கொண்டிருக்கிறேன்.

"அவன் வேண்டாம். இன்னொரு தடவை நானே ஊன்றுகிறேன்" என்றேன்.

"மரவள்ளிக் குச்சி வெட்டி வைத்துவிட்டேன். வேலியோரம் மட்டும் உனக்கு விடுகிறேன். இதுதான் கடைசி."

அவனிடம் இருப்பதில் என்னிடம் இல்லாதது மணல் ஒன்றுதான்.

மறுநாள் காலை, உஜோங் பாசிரில் மணல் ஏற்றும் மாட்டுவண்டிக்காரரிடம் வேலை கேட்டேன்.

"அள்ளிப் போடற வேல. கூலி மரவள்ளிதான் தம்பி, அரிசி கேக்காத."

"அதுல பாதி போதும்ணே. மீதிக்குத் தெனம் ஒரு கூடை மணல் குடுங்க, காஜா பெராங்ல எறக்கிக்கறேன்."

"மணலா? வெயில்ல மூள உருகிருச்சா ஒனக்கு?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். வண்டியைக் கூட்டாளியின் குடிசையோரமாக நிறுத்தச் சொல்லி, அவன் கொடிக்குப் பக்கத்திலிருந்தே அள்ளத் தொடங்கினேன்.