விசில் ஊதாத கணக்கு டீச்சர்

மொழி ஆசிரியர்கள் இரண்டு பேர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பள்ளிக்கூடத்து ஆண்டு மலர் கணக்கு டீச்சர் தலையில் எப்படி விழுந்தது என்று கேட்டால், அது ஒரு பிரசவத்தில் தொடங்கிய கதை. மலரைப் பார்த்துவந்த தமிழ் டீச்சர் பிள்ளைப்பேறு விடுப்பில் போன வருஷம், "இந்த ஒரு தடவ மட்டும் பாத்துக்கங்க" என்றார் அப்போதைய தலைமை ஆசிரியர். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். அந்தப் பிரசவத்தில் பிறந்த பெண் வளர்ந்து, அதே பள்ளியில் கடைசி வருஷத்துக்கும் வந்து, மலர்க்குழுவுக்கே எடிட்டராகவும் ஆகிவிட்டாள். அந்த ஒரு தடவை மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

மலருக்கென்று கொடுத்திருந்தது உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கிற அறையில் ஒரு மூலை. ஒரு மேஜை, நினைத்தால் வேலை செய்கிற ஒரு கம்ப்யூட்டர், சாத்த முடியாத ஜன்னல். அங்கே உட்கார்ந்துதான் டீச்சர் வகுப்புப் படங்களுக்குக் கீழே 'நிற்போர் இடமிருந்து வலம்' என்று பெயர்களைக் கோப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் எங்காவது ஒரு பையன் பெயர் இன்னொரு பையன் தலைக்குப் போய்விடும். மலர் வெளிவந்த வாரமே அம்மாக்கள் படையெடுத்து வருவார்கள். பிறகு ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து வகுப்பு வகுப்பாகக் கொடுத்தாக வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலரை ஒருத்தரும் படிப்பதில்லை. தன் படம் வந்திருக்கிறதா, எதிர்வீட்டுக்காரன் படம் தன் படத்தைவிடப் பெரிதாக வந்திருக்கிறதா, அதோடு சரி. ஆனால் அந்தத் திருத்தச் சீட்டை மட்டும் எழுத்து விடாமல் படிப்பார்கள். அடுத்தவர் கோட்டைவிட்ட இடத்தைப் பார்ப்பதில் மனுஷருக்கு அப்படி ஒரு ருசி.

மலரில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. அதை எழுதுவதும் கணக்கு டீச்சர்தான். எழுத்து அவருக்கு வராது, கணக்கு வரும். அதனால் முதல் வருஷமே ஒரு சூத்திரம் கண்டுபிடித்துவிட்டார். முதல் பத்தியில் நேரம் தவறாமை, இரண்டாவதில் புன்னகை, மூன்றாவதில் மெழுகுவர்த்தியாய் உருகியது, கடைசியில் யாராலும் நிரப்ப முடியாத வெற்றிடம். ஆளுக்குத் தகுந்தபடி பெயரை மாற்றிவிட்டு, நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் அந்த ஆளைப் பற்றிச் சேர்ப்பார். டிராயிங் மாஸ்டர் ஒருநாளும் முதல் மணிக்கு வந்ததில்லை, அவருக்கும் அதே நேரம் தவறாமைதான். படித்துவிட்டு மனுஷர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். டீச்சரின் கணவர் மட்டும் ஒருமுறை மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் உயிரோடதானே இருக்காங்க?" என்று சந்தேகம் கேட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த வருஷம் ஓய்வு பெறுவது கணக்கு டீச்சர்.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, வழக்கம்போல அந்தப் பக்கத்தையும் அவரையே எழுதிவிடச் சொன்னார். "உங்களப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும் டீச்சர்?" என்று ஒரு சிரிப்பு வேறு. தனக்குத் தானே வெற்றிடம் எழுதிக்கொள்ள டீச்சருக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தை எடிட்டர் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அவளும் பெருமையாக வாங்கிக்கொண்டு, அந்த ஒரு பக்கத்தின் புரூஃபை மட்டும் டீச்சர் பார்க்கவே கூடாது என்று கட்டளை போட்டாள்.

ஆசை யாரை விட்டது? டீச்சருக்கு உள்ளுக்குள் ஒன்று இருந்தது. வகுப்பில் எந்தக் கணக்கையும் அவர் 'இது ஈஸி' என்று சொன்னதே இல்லை. சின்ன வயதில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெரியப்பா ஒவ்வொரு கணக்குக்கும் 'இது ஈஸிதானே' என்பார். ஈஸியானதே புரியவில்லை என்று எப்படி வாயைத் திறந்து சொல்வது? புரிந்த மாதிரி தலையாட்டி, பரீட்சையில் முட்டை வாங்கி, அடியும் வாங்கினார். டீச்சரான முதல் நாள் அந்த வார்த்தையைத் தன் வாயில் வரவிடுவதில்லை என்று முடிவு செய்தார், இன்றுவரை விடவில்லை. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்லாமலே யாராவது ஒரு பிள்ளையாவது கவனித்திருக்காதா, அந்த ஒற்றை வரியாக அது வந்துவிடாதா என்பதுதான் அவருடைய ஆசை. மற்றப் பத்திகளெல்லாம் எப்படியோ போகட்டும்.

வெளியீட்டு விழாவில் மேடை மேல் உட்கார்ந்திருந்த டீச்சர் கையில் மலரைக் கொடுத்தார்கள். அவர் பக்கத்தைத் திறப்பதற்குள் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து அதையே உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நேரம் தவறாமை வந்தது. புன்னகை வந்தது. டீச்சர் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த வரியும் வந்தது.

'மைதானத்தில் அவர் ஊதிய விசில், மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகளையும் திரும்ப ஓடி வர வைத்தது.'

கணக்கு டீச்சர் பிறந்ததிலிருந்து விசிலைத் தொட்டது கிடையாது. மழையென்றால் அவருக்கு உடனே சளி பிடிக்கும். அது சில வருஷங்களுக்கு முன் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டருக்கு இவரே எழுதிய வரி. பெயரை மாற்றியவர்கள் விசிலை மாற்ற மறந்திருக்கிறார்கள். சிறப்பு விருந்தினர் மெழுகுவர்த்தியை ஏற்றி, வெற்றிடத்தையும் முடித்துவிட்டு உட்கார்ந்தார். மண்டபத்தில் ஒரு பயலும் சிரிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த தலைமை ஆசிரியர் குனிந்து, "பிரமாதமா எழுதியிருக்காங்க டீச்சர்" என்றார். டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேடையில் அழுதால் எல்லோரும் அந்த விசிலை நினைத்துத்தான் அழுகிறார் என்பார்களே என்று அடக்கிக்கொண்டார்.

விழா முடிந்து கீழே இறங்கியதும், விருந்தினர்களுக்கான நாற்காலி வரிசையிலிருந்து பி.டி. மாஸ்டர் எழுந்து வந்தார். இப்போது தொந்தி வைத்திருந்தார். வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை.

"டீச்சர், அந்த விசில் என்னோடது."

பிள்ளைகள் பெயரை மாற்றும்போது தவறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று டீச்சர் தடுமாறினார். அவர் கேட்பதாக இல்லை. தனக்கு வந்த பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராம். வருகிற விருந்தாளி ஒருத்தரும் தப்ப முடியாதாம்.

"மத்ததெல்லாம் எல்லாருக்கும் போடறதுன்னு அடுத்த வருஷ மலரப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அந்த ஒரு வரிதான் நெஜமா என்னப் பாத்து எழுதினது. மழையில நான் விசில் ஊதினத யாரு பாத்தான்னு நெனச்சிட்டே இருப்பேன். நீங்க மாடி ஜன்னல்லேர்ந்து பாத்திருக்கீங்க. இப்ப அதையும் தூக்கிக் குடுத்துட்டா எப்படி?"

இத்தனை வருஷமாகச் சூத்திரம் போட்டு எழுதியதாகத்தான் டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தார். பெயரைத்தான் மாற்றினோம், மனுஷரை ஏமாற்றினோம் என்று ஒரு குற்ற உணர்ச்சிகூட உண்டு. அந்த ஒற்றை வரிக்காக ஆளைக் கவனித்துப் பார்த்ததெல்லாம் அவருக்குக் கணக்கில் சேர்ந்ததே இல்லை. சந்தோஷப்படுவதா, தன்னை ஒருத்தரும் அப்படிப் பார்க்கவில்லையே என்று நொந்துகொள்வதா என்று புரியாமல் நின்றார்.

அப்போதுதான் எடிட்டர் பெண் வந்து சேர்ந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நாலு தடவை எழுதிப் பார்த்தாளாம், ஒன்றும் சரியாக வரவில்லையாம், அச்சகத்தில் கெடு முடியப் போகிறது என்று அவசரப்படுத்தினார்களாம். டீச்சர் எப்படிச் செய்வார் என்று பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"பேர மட்டும் மாத்திட்டா போதும், ஈஸின்னு நெனச்சிட்டோம் டீச்சர்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்ககிட்டப் போய் அந்த வார்த்தையச் சொல்லிட்டேனே. நீங்கதான் அதச் சொல்லவே மாட்டீங்களே."

டீச்சர் அவளையே பார்த்தார். "யாரு சொன்னா?"

"யார் சொல்லணும்? எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். மத்த சாருங்க ஈஸின்னு ஆரம்பிச்சாலே கணக்கு வராதவங்க தலையக் குனிஞ்சுக்குவாங்க. உங்க கிளாஸ்லதான் அவங்க கை தூக்குவாங்க."

"அப்புறம் ஏம்மா அத எழுதல?"

"அதுல எழுதறதுக்கு என்ன இருக்கு டீச்சர்? நீங்க ஒரு வார்த்தைய சொல்லாததப் போய் யாராவது மலர்ல போடுவாங்களா?"

பி.டி. மாஸ்டருக்கு இந்தப் பேச்சில் அக்கறை இல்லை. திருத்தச் சீட்டு எப்போது வரும், அதில் தன் விசில் தனக்குத் திரும்பி வருமா என்று மட்டும் எடிட்டர் பெண்ணிடம் கறாராகக் கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வாரம் சீட்டு வந்தது. பெயர் மாறிய இரண்டு பையன்களுக்குப் பிறகு மூன்றாவதாக இருந்தது இது: 'ஓய்வு பெறுவோர் பக்கத்தில் வரும் விசில், முன்னாள் உடற்கல்வி ஆசிரியருடையது. அந்த வரியை நீக்கிவிட்டு, "எங்கள் கணக்கு டீச்சர் எந்தக் கணக்கையும் ஈஸி என்று சொன்னதில்லை, அதனால் எங்களுக்குக் கேட்கப் பயமில்லை" என்று சேர்த்துப் படிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.'

மலரைத் திறந்தே பார்க்காதவர்களெல்லாம் இதைப் படித்தார்கள். வகுப்பில் படித்தார்கள், பஸ்ஸில் படித்தார்கள், சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒருத்தன் தோள் வழியாக இன்னொருத்தன் எட்டிப் படித்தான். சாப்பிடும்போது எதையாவது படிக்கிற டீச்சரின் கணவர் கையிலும் அது சிக்கியது. ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார்.

"இதுலதான் நீ உயிரோட இருக்கே" என்றார்.

டீச்சர் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி, எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.