வராதே என்ற கடைக்குத் தினமும் போனேன்

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். உட்காரத்தான் விடவில்லை. ஒரு மத்தியானம், கஸ்டமரே இல்லாத நேரத்தில், கால் கடுத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டார். சாயங்காலம் பை செக் பண்ணும் இடத்தில் வைத்து, "நாளைலேர்ந்து வராதீங்கக்கா" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் கடைகளில் ஆளை நிறுத்துவது இப்படித்தான். காகிதம் கிடையாது, காரணம் கிடையாது. நாங்களும் ரோஷப்பட்டு மறுநாள் போக மாட்டோம். முதலாளிகளுக்கு வேண்டியதும் அதுதான்.

அபிராமபுரத்து வக்கீலம்மா ஒருவர் எப்போதும் என்னிடம்தான் சேலை எடுப்பார். அவருக்கு ஃபோன் செய்தேன். ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவரைத் தக்க காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் நிறுத்த முடியாது, தப்பு செய்ததாகச் சொன்னால் முறைப்படி விசாரிக்க வேண்டும் என்றார். "ஆனா நீங்க வீட்டுல இருந்துட்டா, அவங்களாவே நின்னுட்டாங்கன்னு சொல்லிடுவாங்க. தினமும் போங்க."

மறுநாள் யூனிஃபார்ம் சேலையைக் கட்டியதும், ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "வராதன்னு சொன்ன எடத்துக்கு இன்னாத்துக்குப் போற? ரோஷமே இல்லியா உனக்கு?"

"கீது. அதான் போறேன்" என்று கிளம்பினேன்.

வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வாசலிலேயே நின்றேன். தினமும் நின்றேன். ஆடித் தள்ளுபடி நேரம் வேறு. தெரிந்த கஸ்டமர்கள், ஏன் வெளியில் நிற்கிறாய் என்று கேட்டார்கள். உட்கார்ந்ததற்காக நிறுத்திவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கென்ன வெட்கம்?

வக்கீலம்மாவும் நானுமாகத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தோம். விசாரணையில் மேனேஜர், நான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "தினமும் யூனிஃபார்மோட வந்து வாசல்ல நிக்கிறாங்க சார். கடை மானத்தையே வாங்குறாங்க."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வேலைக்கு வரலைன்னீங்க. இப்ப தினமும் வந்தாங்கன்றீங்க?"

மேனேஜர் கடை வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஃபேனைப் பார்த்தார்.

வெளியில் நின்ற நாட்களின் சம்பளத்தோடு திரும்ப வேலைக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

இப்போது வேலைக்குச் சேரும் பெண்களுக்குச் சொல்கிறேன். யாராவது வாயால் போகச் சொன்னால் போய்விடாதீர்கள். தடுக்கிற வேலையை அவர்களே செய்யட்டும், அதை நாலு பேர் பார்க்கட்டும். எனக்கு முன்னால் எத்தனையோ பெண்கள் அந்த ஒரு வார்த்தைக்குத் தலைகுனிந்து வீட்டுக்குப் போனார்கள். காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது என்ற இதே சட்டம்தான் அவர்களுக்கும் இருந்தது.