நகரியில் தைக்காத நகரிப் பை

காலை 6.40. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியின் ரயில் நிலையம். என் கையில் ஒரு மூட்டை, செல்வியின் தலையில் ஒரு மூட்டை. இரண்டிலும் சேர்த்து இருபது பள்ளிப் பைகள். நகரியில் நான் ஆறு மெஷின் போட்டுப் பை தைத்துக் கொடுக்கிறேன். என்னிடம் வேலை செய்பவர்களில் கைதேர்ந்தவள் செல்வி. போன வருடம்வரை திருப்பதிக் கடைக்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போனார்கள். இந்த வருடம் ஒருவரும் வரவில்லை. நான்கு மெஷின்களைப் பழைய புடவை போட்டு மூடிவிட்டேன். என்னதான் நடக்கிறது என்று நேரில் பார்க்கக் கிளம்பினோம்.

8.30. திருப்பதி. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். கடைத்தெருவில் நுழைந்ததுமே எனக்குச் சூடேறிவிட்டது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகளின் கைகளில் ஒரே மாதிரி விளக்கெரியும் பொம்மைகள். குடை, பூட்டு, சாமி படம் போட்ட சாவிக்கொத்து, எதைத் திருப்பிப் பார்த்தாலும் வெளிநாட்டுப் பெயர். முதுகுப் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. விலை 250. எனக்குத் துணி, நூல், ஜிப் வாங்கவே 210 ஆகிறது.

பத்து மணிக்கு, என்னிடம் வழக்கமாக வாங்கும் மொத்த வியாபாரியின் கடைக்குப் போனோம். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

“வாம்மா, டீ சொல்லட்டுமா?”

“டீ இருக்கட்டும்ணா. எங்க பை இன்னா தப்பு பண்ணிச்சி?”

அவர் பின்னாலிருந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்துப் போட்டார். “கப்பல்ல வந்த சரக்கு. எனக்கு நூத்தி அறுபதுக்கே வருது. உன்னுது முந்நூறு. நான் எதை எடுப்பேன்?”

செல்வி அதன் வாரைப் பிடித்து இழுத்தாள். தையல் விட்டுக்கொண்டு வந்தது. “இது மூணு மாசம் தாங்காதுண்ணா.”

“பிஞ்சா இன்னொண்ணு வாங்குவாங்க. எனக்கு நல்லதுதானே?”

எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்க குடுக்கிற காசு கப்பலேறிப் போயிடுது. எனக்குக் குடுத்தா இவளுக்குக் கூலியாவும். இவ அதுல நகரியில அரிசி வாங்குவா. அந்த அரிசிக்கடைக்காரர் பிள்ளைக்குப் பை வாங்க உங்க கடைக்குத்தான் வருவாரு. எங்களுக்கே வேலை இல்லைன்னா உங்க கடைக்கு யாரு வருவாங்க?”

அவர் என் பையை எடுத்துத் திருப்பினார். ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். “இந்த ஜிப்பு எந்த ஊரு?”

நான் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதுவும் கப்பலில் வந்ததுதான். முன்பு திருவள்ளூர்ப் பக்கம் ஒருவரிடம் ஜிப் வாங்கிக்கொண்டிருந்தேன். நாலு ரூபாய் குறைவு என்று நான்தான் மாறினேன். பிறகு அவர் பட்டறையை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஏன் என்று அன்றைக்கு நான் விசாரிக்கக்கூட இல்லை. வியாபாரி மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே என் மேல் திரும்பியது.

“கோவப்படாதேம்மா. வேலை நான் தரேன்,” என்று குரலைத் தாழ்த்தினார். “இந்தப் பையில இருக்கிற லேபிளைப் பிரிச்சிட்டு, நகரியில தயாரிச்சதுன்னு வேற லேபிள் தைச்சிக் குடு. பைக்கு மூணு ரூபா. இப்போ நம்ம ஊரு சரக்கான்னு கேட்டு வாங்கறாங்க.”

“கேக்கறவங்களுக்கு நம்ம ஊரு சரக்கையே குடுக்கிறதுக்கு இன்னா?”

அவர் சிரித்தார். மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

11.45. பள்ளிகளிடமே நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்று சித்தூர் பஸ் ஏறினோம். எழுபது கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆதார் காட்டினால் போதும். பஸ்ஸில் இலவசமாக ஏற்றிக்கொள்கிற அரசு, கையில் தூக்கிப்போகும் சரக்குக்கு ஒரு வழி செய்யக்கூடாதா என்று பொருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். செல்வி சொன்னாள்:

“மூணு ரூபான்னாலும் ஆறு பேருக்கு வேலைக்கா.”

“பொய்யைத் தைக்கச் சொல்றியா?”

“பொய் சொல்றது அவுரு. நாம தைக்கிறோம், அவ்ளோதான்.”

2.15. சித்தூர். ஒரு சிறிய தனியார் பள்ளி. தலைமையாசிரியை அம்மா ஓர் அறையைத் திறந்து காட்டினார். வார் அறுந்த பைகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. பள்ளியில் கொடுத்த வெளிநாட்டுப் பைகள், பெற்றோர் திருப்பிக் கொண்டுவந்து போட்டவை. எங்கள் பையை உதறினார், புத்தகங்களைத் திணித்துத் தூக்கிப் பார்த்தார்.

“அறுபது பை வேணும். இருநூத்தி எண்பதுக்குத் தருவீங்களா?”

கூலி போக எனக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். “ஜிப்பு மட்டும் வெளிநாட்டுது மேடம்,” என்றும் சொல்லிவிட்டேன்.

“அதையும் மாத்துங்க. அடுத்த வருஷம் இன்னும் சேர்த்து எடுத்துக்கிறேன்.”

5.00. புத்தூர் பஸ். மாந்தோப்புகள் தாண்டும்போது செல்வியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

“பக்கத்துத் தெரு தையல் யூனிட்டுக்குத் திருப்பதியிலேர்ந்து வண்டி வந்துகினு இருக்குதாம். நாளையிலேர்ந்து லேபிள் வேலையாம். என்னையும் கூப்புடுறாங்க. போவட்டுமாக்கா?”

நாள் முழுக்கச் சேர்ந்த ஆத்திரம் அவள் மேல் பாயப் பார்த்தது. அவளுக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. என்னிடம் இருப்பது பத்து நாள் வேலை.

“இந்த அறுபதையும் முடிச்சிக் குடு. அப்புறம் போ,” என்றேன். அவள் தலையாட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புத்தூரில் பஸ் மாறி நகரியில் இறங்கியபோது மணி ஏழரை. தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். திருப்பதியில் வெளிநாட்டுச் சரக்கு வெளிநாட்டுப் பெயரிலாவது தொங்கியது. இன்னும் சில நாளில் அதே கடையில் எங்கள் ஊர்ப் பெயரோடு தொங்கும். நம்ம ஊர்ச் சரக்கு என்று நம்பி ஒருவர் வாங்கிப் போவார். மூன்று மாதத்தில் வார் அறுந்து பிள்ளையின் புத்தகமெல்லாம் நடுரோட்டில் கொட்டும்போது, அவர் வாயில் விழப்போவது நகரிக்காரர்கள் நாங்கள்தான்.